மழைக்கு ஒரு வண்டி

அக்டோபர் 13, திங்கள்

டாக்டர் குறித்து வைக்கச் சொன்னார். தூங்கினாரா, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, யாரோடாவது பேசினாரா. ஞாபகத்திலிருந்து சொன்னால் பாதி விட்டுப்போகிறது, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். கடையில் அளவு எழுதுவதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் விவரம். இவர் என் கணவர் ஞானசிகாமணி. மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். எனக்கு வடசேரியில் ஒரு தையல் கடை. மகள் ஷைனி ஓசூரில் வேலை பார்க்கிறாள். இவருக்குச் சர்க்கரை வந்த புதிதில் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது கிழவர்களுக்கு என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளில் ஏறினார். லேசான வண்டி, மெல்லிய டயர், ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். நாகர்கோவிலிலிருந்து முட்டம், சில நாள் குளச்சல், திரும்பி வந்து இட்லி. மழையில்லாத மாதங்களில் எங்கள் காலை இப்படித்தான்.

மழை வந்தால் அந்த வண்டியைச் சுவரில் மாட்டிவிடுவார். ஆனி ஆடி மழை விட்டு விட்டுப் பெய்யும், சமாளித்துவிடலாம். ஐப்பசி மழை அப்படியில்லை. போன வருஷம் ஐப்பசியில் கட்டிலில் படுத்தவர் தை பிறந்துதான் ஒழுங்காக எழுந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அவ்வளவுதான். இந்த வருஷம் அது வரக்கூடாது. நான் எழுதப் போவதெல்லாம் அதற்காகத்தான்.

இன்று மழை தொடங்கிவிட்டது. வண்டி சுவருக்குப் போய்விட்டது. காலையில் தோசை தின்றார். மத்தியானம் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

அக்டோபர் 15, புதன்

தூக்கம் குறைவு. மாத்திரை போட்டார். யாரோடும் பேசவில்லை.

கிணற்றுக்குக் கம்பிவலை போட ஆள் வந்தான். மழைக்காற்றில் கொல்லாமரத்து இலையெல்லாம் உள்ளே விழுகிறது. மாடிச் சாவியையும் என் கொத்தில் சேர்த்துக்கொண்டேன். மாடியில் பாசி பிடித்திருக்கிறது, வழுக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளி நெருங்கிவிட்டது. கடையில் ரவிக்கைத் துணி மலையாகக் கிடக்கிறது. எல்லாருக்கும் நேற்றே வேண்டும்.

இவர் எதைக் கேட்டாலும் சரி என்கிறார். புளிக்குழம்பு வைக்கட்டுமா, சரி. வேண்டாம், தீயல் வைக்கிறேன், சரி. உப்பு ஒரு கல் கூடினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுகிற மனுஷன். இன்று மீன் குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மிச்சக் குழம்பில் உப்புப் போட்டு நான் சாப்பிட்டேன். எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் பென்சாம் வந்தான். மணிமேடைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறவன். இவருக்குச் சைக்கிள் கூட்டாளி, வயதில் பத்துப் பதினைந்து சிறியவன். மனைவியின் ரவிக்கையை வாங்க வந்தவன் போகாமல் நின்றான்.

"சாரு எப்பிடி இருக்காவ அக்கா? போன் எடுக்க மாட்டேங்காவ."

"இருக்காவ."

"மழைக்குண்ணு தனியா ஒரு வண்டி வேணும்ணு சித்திரையில சொல்லிக்கிட்டே இருந்தாவ. எந்த வண்டிண்ணு எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துது."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரையில் இவர் அதைப் பற்றிப் பேசாத வேளை இல்லை. நான் மிஷின் சத்தத்தில் பாதியைக் காதில் வாங்கவில்லை.

"மழை வண்டின்னா என்ன பென்சாம்? மழைக்கு எல்லா சைக்கிளும் நனையத்தானே செய்யும்."

"அப்பிடி இல்லக்கா. இப்பம் உள்ள வண்டியில பிரேக் கட்டை ரிம்மப் பிடிக்கும். ரிம் நனஞ்சா வழுக்கிக்கிட்டுப் போவும், நிக்காது. மழை வண்டியில சக்கரத்துக்கு நடுவுல தட்டு ஒண்ணு இருக்கும், டிஸ்க்கு. பைக்குல உள்ள மாதிரி. அது நனஞ்சாலும் பிடிக்கும். டயரு கொஞ்சம் தடியா வேணும். முழுசா மட்கார்டு வேணும், இல்லாட்டி முதுகெல்லாம் சகதி."

"அப்பம் மழையில ஓட்டலாமா?"

"பைய போனா ஓட்டலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு பட்டு ரவிக்கை, அன்றாடத்துக்கு ஒரு பருத்தி ரவிக்கை. பட்டை நனைக்க முடியாது என்பதற்காக யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கோயிலுக்கு நான் மட்டும் போனேன். திரும்பி வந்து கேட்டேன்.

"மழைக்குண்ணு ஒரு சைக்கிள் வாங்குவமா?"

"எதுக்கு?"

"மழையில ஓட்டதுக்கு."

"வேண்டாம் சீலி. யாரு ஓட்ட."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயசீலி என்ற என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டாரே, அதுவே இன்றைக்கு வரவு.

ஆசைப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்போல. இவருக்கு இப்போது அது இல்லை. சித்திரையில் ஆசைப்பட்டதை இவருக்காக நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரம் வந்தது. முறுக்கு தின்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

சைக்கிளுக்கும் அளவு உண்டாம். எனக்குத் தெரியாது. ஆளின் கால் நீளமும் கை நீளமும் சொன்னால்தான் எந்த சைஸ் என்று சொல்ல முடியும் என்று பென்சாம் சொன்னான். இத்தனை வருஷம் ஊரையே அளந்தவளிடம் போய் இதைச் சொன்னான்.

இவரை எழுப்பி நிறுத்தி நாடாவைப் பிடித்தால் எதற்கு என்று கேட்பார், அல்லது கேட்கவே மாட்டார். இரண்டையும் நான் விரும்பவில்லை. அதனால் கடையில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். அளவுக்கு ஒரு பழைய பேண்டையும் சட்டையையும் எடுத்து மேஜையில் விரித்தேன். உள்கால், கை, தோள், முதுகு. எல்லாம் என் கைக்குத் தெரிந்த அளவுதான். இவருக்குப் பேண்ட் தைக்கிற ஒரே ஆள் நான்.

இடுப்பை அளக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கொடியில் கிடந்த பேண்டைப் பார்த்தேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

பென்சாமுடன் திருவனந்தபுரம் போய் வந்தேன். இந்த மாதிரி வண்டிக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. இவரிடம் சாலைக் கடைத்தெருவில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷைனியிடம் நாள் முழுக்க அப்பாவுக்குப் போன் பண்ணிக்கொண்டே இரு என்று சொல்லி வைத்தேன்.

கடைக்காரர் பெயர் சஜீவ். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி பேசுகிறார். நான் மகனுக்கு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். வயதைச் சொன்னதும் நேரான ஹேண்டில்பார் உள்ள ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, சாரின்டெ வயசுக்கு இது மதி, போதும். முதுகு வலிக்காது. மட்கார்டும் உண்டு."

நல்ல வண்டிதான். நிமிர்ந்து உட்கார்ந்து போகலாம். ஆனால் இவர் அதைப் பால்காரர் சைக்கிள் என்று சொல்வார். பால்காரர்மேல் எங்கள் இரண்டு பேருக்கும் மரியாதை உண்டு. இருந்தாலும் இவர் ஏற மாட்டார். கொம்பு வேண்டும் என்றேன்.

கொம்பு வைத்ததில் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் பிரேக்குக்கு எண்ணெய் ஓடுகிறது. விரலால் தொட்டாலே பிடிக்கிறது. ஆனால் அதில் கசிவு வந்தால் நாகர்கோவிலில் பார்க்க ஆள் கிடையாது என்று பென்சாம் சொன்னான். மற்றதில் சாதாரண கேபிள்தான், கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும், யாரும் சரி பண்ணிவிடலாம். அலுமினியம், தடித்த டயர், முழு மட்கார்டு மாட்ட இடம். தூக்கிப் பார்த்தேன். சுவரில் தொங்குகிற பட்டு ரவிக்கையைவிடக் கனம். அன்றாடத்துக்கு உள்ளது அப்படித்தான் இருக்கும்.

பிரேக் தட்டில் வெள்ளம் ஊற்றிப் பிடித்துக் காட்டச் சொன்னேன். சஜீவ் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குப்பியிலிருந்து ஊற்றினார். சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். கிரீச்சென்று நின்றது. இன்னும் ஊற்றுங்க என்றேன். மறுபடி சுற்றினேன், மறுபடி நின்றது. இன்னும் என்றேன். குப்பி காலியான பிறகுதான் விட்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.

சைஸ் சொல்லும்போது ஒரு சிக்கல். நான் கொண்டுபோன அளவு இரண்டு சைஸுக்கும் நடுவில் வந்தது. பென்சாம் தன் மருந்துக்கடையிலிருந்து போன் வந்து வெளியே போயிருந்தான். நடுவில் வந்தால் சிறியதுதான் நல்லது என்றார் சஜீவ். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பெரியதாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், சிறியதாகப் போனால் என்ன செய்ய முடியும்? பெரியதையே எடுத்தேன். கரும்பச்சை நிறம். மட்கார்டு மாட்டி அடுத்த வாரம் தருகிறார்கள்.

அக்டோபர் 29, புதன்

துணி எங்கே என்று கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. இரண்டு நாளாக இவர் குளிக்கவில்லை.

மத்தியானம் பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வந்து நின்றார். தானாக எழுந்து வந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

"சீலி, நான் இல்லாட்டியும் நீ கடைய வச்சு சமாளிச்சுக்கிடுவ, இல்லியா?"

கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். என்ன பேச்சு இது என்று அதட்டினேன். சரி என்று உள்ளே போய்விட்டார்.

மீனை எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது. குழம்பில் மீன் ருசியே இல்லை. கடை திறக்கவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். டாக்டருக்குப் போன் பண்ணினேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

நவம்பர் 4, செவ்வாய்

டாக்டர் இவரோடு தனியாகப் பேசினார். ஒரு மாத்திரையை மாற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் எழுதியதைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"எல்லாம் எழுதியிருக்கீங்கம்மா. ஒண்ணு மட்டும் அவர்ட்ட கேக்கவே இல்ல. நேரா கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் கூடிரும்னு பயப்படாதீங்க, கூடாது."

வீட்டுக்கு வந்து, ஈரக்குடையை மடக்கி வைத்து, கட்டிலில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில்கூட இவரிடம் பேச இப்படிக் கூச்சப்பட்டதில்லை. கடைசியில் கேட்டேன்.

"சாவணும்ணு தோணுதா?"

"தோணும். கொஞ்ச நேரம் நிக்கும். பெறவு போயிரும். சொன்னா நீ பயந்துருவண்ணு சொல்லல."

"சொல்லாட்டித்தான் பயமா இருக்கு. இனி தோணினா எங்கிட்ட சொல்லணும். உறங்கிக்கிட்டு இருந்தாலும் எழுப்பிச் சொல்லணும்."

"சரி."

இத்தனை நாளாகக் கேட்ட சரிகளில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. நான் அழுதேன். இவரும் அழுதார். பிறகு சாயா போட்டுக் குடித்தோம். என் கேள்விக்குப் பதில் இவ்வளவு மோசமாக இருந்தும், கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அது ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

பெரிய நாள். விவரமாக எழுத வேண்டும்.

பென்சாம் காரின் மேலே வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். தூறல். முற்றத்தில் இறக்கி நிறுத்தினோம். நான் உள்ளே போய் இவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"சித்திரையில கேட்டீங்கள்லா. மழை வண்டி."

பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். சரி என்று சொல்லுகிற அதே குரல். இவ்வளவு அலைந்தும் இன்னொரு சரிதானா என்று நினைத்தேன்.

"ஏறிப் பாருங்க சார்" என்றான் பென்சாம்.

அவனுடைய மனம் கோணக்கூடாது என்று காலைத் தூக்கிப் போட்டார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். இறங்கினார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மறுபடி காலைப் போட்டு நின்றார். முகம் சுருங்கியது.

"இது யாருக்கு வாங்கினது?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? எனக்க அப்பா இருந்தா அவருக்கே இது பெரிசு. கால ஊணினா மேல்கம்பி எங்க இடிக்குண்ணு பாத்தியா?"

பென்சாம் கொல்லாமரத்தைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழையில சட்டுண்ணு இறங்கணும்ணா மனுசன் என்ன செய்வான்? யாரு சைசு சொன்னா? நீயாடே?"

"நான் போன் பேச வெளிய போனேன் சார்."

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "உங்க பேண்டு அளவுல. ரெண்டு சைசுக்கும் நடுவுல வந்துது. பெரிச எடுத்தேன்."

"ஏன் பெரிச எடுத்த?"

"பெரிசா இருந்தா பிடிச்சுக்கிடலாம்லா."

இவர் என்னைப் பார்த்தார். நிஜமாகப் பார்த்தார். ஐப்பசி தொடங்கிய பிறகு என்னை யாரோ பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"இது என்ன ரவிக்கையாட்டி? அலுமினியத்த எங்க பிடிப்ப? உள்ளுக்குள்ள மடிச்சு தையல் போடுவியா?"

பென்சாம் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். இவர் நிறுத்தவில்லை. ஹேண்டில்பார் அடுத்த ஊரில் இருக்கிறது, கையை நீட்டினால் முதுகு என்னத்துக்கு ஆகும். சீட் மூக்குக் குத்திக்கொண்டு நிற்கிறது. பின் மட்கார்டு டயரை உரசுகிறது, காது கேட்கவில்லையா உங்களுக்கு. பின் பெஞ்சு வரைக்கும் எட்டுகிற அந்தப் பழைய குரல். ஈரத் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். கேபிள் பிரேக் எடுத்தது மட்டும் புத்தி என்றார், அதையும் பென்சாமைப் பார்த்துத்தான் சொன்னார். சாயா கொண்டுபோய் வைத்தேன். கவனிக்கவில்லை. பிறகு குடித்துப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சு, வேற போடு" என்றார்.

அடுக்களைக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டியில் ஒரு இடம் விடாமல் குற்றம் கண்டுபிடித்துவிட்டார். என் ஆயுசில் யார் திட்டியும் எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. வெளியே இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் இவரே சஜீவுக்குப் போன் பண்ணினார். தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சண்டை போட்டார். பிறகு சண்டை பேச்சாகி, பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

குளித்தார். இரண்டு தடவை சோறு வாங்கினார்.

நவம்பர் 11, செவ்வாய்

வண்டியை மாற்ற மூன்று பேருமாக பென்சாம் காரில் போனோம். தானும் வர வேண்டும் என்று இவர்தான் சொன்னார்.

சஜீவ் என்னைப் பார்த்ததும், "ஞான் அன்னே சேச்சியோடு பறஞ்ஞதல்லே" என்று, அன்றே சொன்னதைச் சொல்லிக் காட்டினார். நான் கேட்காத மாதிரி ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரை ஏற்றி உட்கார வைத்துச் சீட்டை உயர்த்தித் தாழ்த்தி, முழங்காலைப் பார்த்து, முழங்கையைப் பார்த்து, ஒரு ஆளை அளப்பது என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டினார்கள். தையலில் ஆள் நிற்பான். இதில் ஆள் குனிந்து காலை ஆட்டுவான். எனக்குத் தெரியாதுதானே.

சிறிய சைஸ் ஒரே நிறத்தில்தான் இருந்தது. பழுத்த பப்பாளி நிறம்.

"இதுல போனா ஊரே சிரிக்கும்" என்றார் இவர்.

"சிரிக்கட்டு. மழையில லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியணும்லா" என்றேன்.

"அதுவும் உள்ளதுதான்" என்றார். திரும்பி வரும்போது காரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். களியக்காவிளை தாண்டியும் எழவில்லை.

நவம்பர் 15, சனி

மாற்றிய வண்டி வந்த நாளிலிருந்து மழை இல்லை. சொட்டுக்கூட இல்லை. இத்தனை வாரம் மழையைச் சபித்த நான் இப்போது வாசலுக்கு வந்து வந்து மேகத்தைப் பார்க்கிறேன். இவர் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் இருக்கிறது, வரும் என்கிறார். வெயிலுக்குத்தான் பழைய வண்டி இருக்கிறதே, அதை எடுங்களேன் என்றேன். அதற்கு டயர் மாற்ற வேண்டுமாம். எனக்கென்னவோ முதல் சவாரி மழையில்தான் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்ட மாதிரி தெரிகிறது.

மாடிச் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டு போய்த் துணி காயப் போட்டுவிட்டு வந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் சுவர். எழவில்லை, சாப்பிடவில்லை.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "இண்ணைக்கு அந்த நினப்பு வந்துது" என்றார். சொன்னபடி சொல்லிவிட்டார். நான் டாக்டருக்குப் போன் பண்ணினேன், இவரும் பேசினார். பிறகு ஒரு புடவையை எடுத்துக்கொண்டு கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து ஃபால்ஸ் வைத்துத் தைத்தேன். புடவை முடிவதற்குள் தூங்கிவிட்டார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் போன வருஷப் பயம் இல்லை. அப்போது நான் தனியாகப் பயந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

கஞ்சி குடித்தார். பென்சாம் வந்து வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போனான்.

நவம்பர் 19, புதன்

இதை எழுதும்போது இவர் பின்வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். குழாய்ச் சத்தம் கேட்கிறது. அதனால் நடந்ததைப் பயமில்லாமல் எழுதலாம்.

விடியும் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. வெளியே கொட்டுகிற சத்தத்தில் விழித்தேன். பக்கத்தில் இவர் இல்லை. லைட்டைப் போட்டேன். முன்னறையில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பென்சாமின் விளக்கு தெரிந்தது.

"வழுக்கும். பைய போங்க" என்றேன்.

"டிஸ்க்கு பிரேக்கு" என்றார், உலகத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில் என்பதுபோல.

போய்விட்டார்கள். இதற்காகத்தானே இத்தனை பாடு பட்டேன், ஆனால் போனதும் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. வெள்ளம் நிறைந்த குழி, லாரி, நாய். வீட்டில் இருந்தால் ஒரு பயம், ரோட்டில் போனால் ஒரு பயம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ரோட்டுப் பயம் நல்ல பயம். ஊரில் எல்லாப் பெண்களும் படுகிற பயம். அதை வைத்துக்கொண்டு கடையைத் திறக்கலாம், வேலை செய்யலாம். திறந்தேன்.

அந்த மழையில் யார் வருவார். தங்கபாய் அக்கா வந்தார். எதிர்வீட்டுக்காரர். கிறிஸ்துமஸுக்கு ரவிக்கை தைக்க வேண்டும். போன வருஷம் மழை முழுக்க அக்கா என்னைத் தெருவில் கண்டால் குரலைத் தாழ்த்தி, சாருக்கு மனசு சரியில்லியாமே, மந்திரிச்சுப் பாத்தியா என்று கேட்பார். அதற்குப் பயந்து நான் கோட்டாறு வழியாகச் சுற்றிக் கடைக்குப் போயிருக்கிறேன்.

அளவு நாடாவை அக்காவின் தோளில் வைத்துப் பிடித்தபோது ரோட்டில் பப்பாளி நிறம் தெரிந்தது. அத்தனை மழையிலும் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் இவர், பின்னால் பென்சாம். மட்கார்டுக்குக் கீழே வெள்ளம் வழிந்தது. இவர் கழுத்தைத் திருப்பி பென்சாமிடம் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியைப் பற்றிய குறையாகத்தான் இருக்கும். கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்கிறேன் என்ற நினைப்பே இல்லை. தெருமுக்கில் வேகம் குறைந்து, நின்று, ஒரு ஆட்டோவுக்கு வழி விட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பார்வதிபுரம் பக்கம் திரும்பினார். இன்னும் போகப் போகிறார்.

தங்கபாய் அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏ சீலி, அது உனக்க சாருதானே? இந்த மழையில சைக்கிள்ல போறாவ. கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"ஆமாக்கா" என்றேன். "சரியான கிறுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. என்ன ஏது என்று தெரியாமலே அக்காவும் கூடச் சிரித்தார். தோள் அளவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.